ஒப்படைப்புப் படிவம்

வெள்ளைச் சட்டை இரண்டு.
நீலக் கால்சட்டை ஒன்று, முழங்காலில் தையல்.
இடுப்பு வார், பித்தளைக் கொக்கியோடு.
தொப்பி.
தொப்பி நாடாவில் ஒரு கப்பலின் பெயர்.
அந்தக் கப்பல் எந்தக் கடலிலும் இல்லை,
டர்பன் துறைமுகத்தில் சர்க்கரைக் கிடங்குக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் அது.
ஏழு வருடம் அதன் சிமெண்டுத் தரையை
மேல்தளம் என்றே சொல்லிக் கழுவியிருக்கிறேன்.

சாமான் அறைப் பையன் எண்ணி எண்ணிப்
பென்சிலால் குறியிட்டான்.
பூட்ஸை மட்டும் என் பக்கம் தள்ளினான்:
"இது நீங்கள் வாங்கியது."
அதன் மூக்கில் அவன் முகம் தெரிந்தது,
கொஞ்சம் வளைந்து.

பதினெட்டு ஆகிவிட்டால் போய்விடலாம்,
இல்லையென்றால் பயிற்சி கொடுக்கத் தங்கலாம்.
லெப்டினன்ட் ஃபான் வைக் இரண்டு முறை கேட்டார்.
பல்கலைக்கழகம், பஸ் நேரம் என்றேன்.
பஸ் நேரம் பொய்யில்லை.

ஆனால் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை.
லுவாசிக்குப் பதினொரு வயது,
இடது என்றால் வலதில் திரும்புவான்.
மூன்றாம் முறையும் திரும்பினான்.
என் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது.
கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம்
ஒரே வீச்சில் கிளம்பிப் போயின.
அணி அசையவில்லை. என்ன நேர்த்தியான அணி!
அவன் அழவில்லை.
கால்சட்டையில் ஈரம் இறங்கிக்கொண்டிருக்க
முகவாயை உயர்த்தி,
"சரி, பெட்டி ஆபீசர் மூட்லி" என்றான்,
நான் பழக்கியிருந்தபடியே.
அன்று எனக்குப் பாராட்டு.
குரல் கடைசி வரிசைவரை எட்டுகிறதாம்.

அம்மாவுக்கு இது தெரியாது.

அம்மா என் சீருடையை ஒருநாளும் தேய்த்ததில்லை.
துவைப்பாள், உலர்த்துவாள்,
இஸ்திரிப் பெட்டியை என்னிடம் நகர்த்திவிட்டு
வெங்காயம் நறுக்கப் போய்விடுவாள்.
ஒரே ஒருமுறை, நான் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகையில்,
"எண்பத்தைந்தில் எங்கள் பள்ளி வாசலில் நின்றவர்களுடையதும்
இப்படித்தான் மின்னியது" என்றாள்.
பிறகு குழம்பில் உப்புப் பார்க்கச் சொன்னாள்.
ஆனாலும் வாரம் தவறாமல் மெர்பேங்கிலிருந்து
எண்ணெய் ஆலை நாற்றத்துக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு
பழைய கரோலாவில் என்னைக் கொண்டுவந்து விட்டாள்.
கேட்டுக்கு வெளியே இருப்பாள்.
மழையென்றாலும் உள்ளே வந்ததில்லை.

படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம்.
சேரும்போது போட்டவர் அப்பா.
அவர் இப்போது கேப் டவுனில், வேறு வீட்டில்.
அதனால் அம்மா வந்தாள்,
ஏழு வருடத்தில் முதல் முறையாக.

கேட்டில் காவல், லுவாசி.
குதிகால் சேர்த்து அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தான்.
சரியான கைதான்.
அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.
கைப்பையைத் திறந்தாள், எதையும் எடுக்காமல் மூடினாள்.
"சாப்பிட்டியாடா?" என்றாள்,
அவசரத்தில் தமிழிலேயே வந்துவிட்டது.
அவன் பதில் சொல்லவில்லை.
காவலில் இருப்பவன் பேசக்கூடாது.

'தொலைந்தவை' என்ற கட்டத்தில்
ஒன்றுமில்லை என்று எழுதினேன்.
அம்மா அதன் கீழே கையெழுத்திட்டாள்,
மின்சார பில்லுக்குப் போடுவதுபோல.

திரும்பும்போது என் கால்கள் அம்மாவின் செருப்போடு
தாமாகவே ஒத்துப்போயின.
வேண்டுமென்றே ஓர் அடி தவறவிட்டேன்.
நாலாவது அடியில் மறுபடி சேர்ந்துகொண்டன.

லுவாசியிடம் சொல்ல ஒன்று இருந்தது.
எதிரே நின்றேன்.
அவன் கண்கள் என் நெற்றிக்கு மேலே,
கிரேன்களுக்கும் மேலே எங்கோ.
எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கக்கூடாது,
அதுவும் என் பாடம்தான்.
பூட்ஸையாவது கொடுத்திருக்கலாம்.
அவனுக்கு மூன்று அளவு பெரிது.

அம்மா ஹாரன் அடித்தாள்,
சின்னதாக, ஒரே ஒரு முறை.